கல்லாறுக்குக் கொண்டுபோன கட்டில்

நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்கள் வகுப்பில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் வகுப்புக்குப் போனதே நாலாம் கிளாஸ் வரைதான்.

நீங்கள் டிரெயினிங் முடித்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள். நீங்கள் செய்யும் வேலைக்கு 'பாலியேட்டிவ்' என்று ஒரு பேரும் இருக்கிறது. எங்கள் நாளில் பேர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில், "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஆட்களின் வீட்டுக்கு நாங்கள் போவோம். அவ்வளவுதான். அதை இந்தக் கிழக்குப் பக்கத்து மலையோரத்தில் முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்வேன். வேறு யாராவது நான் என்று சொன்னால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.

நான் நாஞ்சில் நாட்டிலிருந்து பதினொரு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவன். கிழக்கேகோட்டையில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் வார்ப்பு தேய்த்தேன். பாயசம் வைக்கிற வார்ப்புக்குள் இறங்கி நின்று தேய்த்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் தலை தெரியாது. முப்பது வயதில் சொந்தக் கடை போட்டேன். பந்தல், நாற்காலி, பாத்திரம். கல்யாணமோ சாவோ, ஆயிரம் பேருக்கு இலை போடத் தேவையான சாமான்களை இரண்டு மணி நேரத்தில் இறக்கிக் காட்டியவன் அன்றைக்கு இந்த ஊரில் நான் ஒருவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சாவு வீட்டுக்குப் பந்தல் போடப் போகிறவனுக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். செத்தவர் படுத்துக் கிடந்த இடம். உடலைக் கூடத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் பின்பக்கம் விறகுக்குப் பக்கத்திலோ மாட்டுத் தொழுவத்தை ஒட்டியோ ஒரு பாய் சுருட்டாமல் கிடக்கும். அந்தப் பாயைப் பார்த்தால் அந்த ஆள் எத்தனை மாதம் அங்கே கிடந்தார், எப்படிக் கிடந்தார் என்று தெரிந்துவிடும். நெடுமங்காடு தாண்டி மலைப்பக்கம் போகப்போக இந்தப் பாய்களை நிறையப் பார்த்தேன். என் கடையில் மாப்பிள்ளை வீட்டார் படுக்க வைத்திருந்த கட்டில்கள் வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடந்தன. செத்த பிறகு நாற்காலி அனுப்புகிறவன், சாவதற்கு முன்னால் ஒரு கட்டில் அனுப்பினால் என்ன?

இதை நான் முதலில் சொன்னது ஒரு மலையாளி சிஸ்டரிடம். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் அடுத்த தெருவில் இருந்தார்.

"கட்டில் மாத்திரம் மதியோ மொதலாளி? புண்ணை யாரு கழுவும்? நிங்ஙளோ?" என்று கேட்டார்.

அப்படித்தான் அவரும் வந்து சேர்ந்தார். கடைத்தெருவில் நாலு பேரைப் பிடித்து ஒரு கமிட்டி போட்டேன். பந்திக்குச் சாமான் அனுப்புவதுபோலவே இதற்கும் திட்டம் போட்டேன். எத்தனை வீடு, எந்த நாள், எந்த பஸ், எங்கிருந்து நடை. மூன்று வருஷத்தில் பதினாலு வீடு ஆயிற்று. நோட்டில் எழுதாமல் எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்தேன்.

அதில் ஒரு வீடு கல்லாறில், பொன்முடிக்குத் திரும்புகிற ரோட்டோரம், ஒரு டீக்கடை. கடைக்காரி இசக்கியம்மாள். அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவள். புருஷன் இல்லை. கோமு என்று ஒரே மகள், இருபது வயது இருக்கும், தோசையும் வடையும் அவள் பொறுப்பு. இசக்கியம்மாளுக்கு மார்பில் புற்று. ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்துவிட்டார்கள். பின்னறையில் தரையில் படுக்கிறாள், காலையில் எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறாள் என்று சிஸ்டர் வந்து சொன்னார். மறுநாளே ஒரு கட்டிலை ஏற்றிக்கொண்டு நானே போனேன்.

நான் செய்த மடத்தனத்தை இப்போது கேளுங்கள். என் வண்டியின் இரண்டு பக்கமும் கடைப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே, 'கல்யாணம், பாலுகாச்சு, மரண அடியந்திரம் அனைத்துக்கும்' என்று மலையாளத்திலும் தமிழிலும் இருக்கும். அதாவது புதுவீடு புகுவதிலிருந்து சாவுச் சடங்கு வரை. எங்கள் தொழிலில் கடையை விட்டு வெளியே போகிற கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டித்தான் அனுப்புவோம். அந்தக் கட்டிலின் தலைமாட்டிலும் கடைப் பெயர் இருந்தது. மலைப்பக்கத்தில் கல்யாணம் இல்லாத ஒரு வீட்டு முன்னால் அந்த வண்டி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு. காலை பத்து மணிக்கு, கடை நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, நான் அதைச் சரியாக டீக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இசக்கியக்கா, யாரு மரிச்சது?" என்று பெஞ்சிலிருந்து ஒருவன் சத்தம் போட்டான். அவன் பெயர் தங்கப்பன். மலையிலிருந்து இறக்கும் மரத்தடிகளை லாரியில் ஏற்றுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி.

"ஒனக்குத்தாம்ல பந்தலு. கடன் பாக்கிய வச்சுட்டுப் போயிராத" என்றாள் இசக்கியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் என் ஆட்கள் கட்டிலை இறக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது ஊருக்குத் தெரியும், மீதியைக் கட்டில் சொல்லிவிட்டது. மறுநாள் கடைக்குப் பாதி ஆள்தான் வந்தார்கள். அதற்கு மறுநாள் தங்கப்பன் கூட்டமும் வரவில்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். புற்று தொட்டால் ஒட்டும், கிளாஸில் ஒட்டும் என்று அந்தக் காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். இசக்கியம்மாளுக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். தான் போன பிறகு மகளுக்கு என்று விட்டுப்போக வேறு ஒரு துரும்பு கிடையாது.

சிஸ்டர் என் கடைக்கு வந்து, வேலையாட்கள் முன்னால் வைத்தே கேட்டார்.

"நிங்ஙளுக்குப் புத்தி உண்டோ? ஜீவனுள்ள ஆளுக்குச் சாவு வண்டியிலா கட்டில் கொண்டு போறது? அவளுக்கு முதுகு நோவுதுன்னு கட்டில் கொடுத்து, கடையைப் பூட்டிட்டு வந்திருக்கீங்க."

நான் மூன்றாம் நாளே திரும்பவும் அதே வண்டியில் போனேன். அதே பத்து மணிக்கு, பாலத்துக் கடையில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். "ஏ, எந்த மடையன்டே கட்டில இங்க எறக்குனது? விதுரையில உள்ள இசக்கியம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னா, கல்லாறு இசக்கியம்மாளுக்குக் கொண்டாந்திருக்கியே! மாப்பிள்ளை வீட்டுக்காரன் அங்க நின்னு குதிக்கான்!"

இசக்கியம்மாள் கெட்டிக்காரி. "நானும் நெனச்சேன் அண்ணாச்சி, எனக்கு எதுக்குடா மாப்பிள்ளக் கட்டிலுன்னு" என்று அவளும் சத்தமாகவே சொன்னாள். கட்டிலை ஏற்றினோம். என் ஆட்கள் ஆறு பேரும் நானும் உட்கார்ந்து வயிறு நிறைய அங்கேயே சாப்பிட்டோம். ஒரு வாரத்தில் தங்கப்பன் கூட்டம் திரும்பி வந்தது. அவளுக்கு இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மெத்தை செய்து கொடுத்தேன். பகலில் பெஞ்சு. கடை அடைத்த பிறகு படுக்கை.

அன்றிலிருந்து ஓர் உத்தரவு போட்டேன். கல்லாறில் நம் ஆட்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது. சிஸ்டர் வெள்ளைச் சேலை கட்டக் கூடாது. இசக்கியம்மாளின் சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பின்னறையில் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வர வேண்டும். கல்லாறுக்கு மேலே மலையில் எங்களுக்கு இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. அந்த வீடுகளுக்குப் போகும்போது சிஸ்டர் கல்லாறில் இறங்கக் கூடாது. ஒரு வளைவு முன்னாலேயே இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏற வேண்டும். அந்த மூன்றில் ஒன்று தங்கப்பனின் அப்பா வீடு. கிழவருக்கு முதுகெல்லாம் படுக்கைப் புண். தங்கப்பன் வாரம் முழுக்கக் கல்லாறில் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலே போவான். சிஸ்டர் போவது வியாழக்கிழமை. மேலே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு, இசக்கியம்மாளின் சிநேகிதி யார் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இப்படி ஒரு ஏற்பாட்டை வேறு எவனும் யோசித்திருக்க மாட்டான் என்று எனக்குள் ஒரு திருப்தி.

சிஸ்டருக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் ஒரு ஜீப் கிடைக்காவிட்டால் மேல் வீடுகளை விட்டுவிட வேண்டியதுதான். கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் பழைய ஜீப் ஒன்று சும்மா நின்றது. எங்கள் ஊர்க்காரர், பிள்ளை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கேட்டேன்.

"தாரேன் ஓய். தரமாட்டேம்னு சொன்னேனா?" என்றார். "ஆனா கண்ணால ஒரு ஆளக் காட்டும். பக்கத்துல நின்னு ஒரு போட்டோ பிடிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கது."

அவர் கேட்டதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கொடுக்கிறவனுக்குப் பார்க்க ஆசை இருக்கும். விதுரையில் எங்கள் நோயாளி ஒருவர் இருந்தார், பழைய வாத்தியார். போட்டோ என்றதும் வேட்டியை வெளுத்து மடித்துவைத்துக் காத்திருந்தார். நாள் குறித்து, பிள்ளை காரிலேயே நானும் ஏறிப் போனேன். வாத்தியார் வீட்டை நெருங்கும்போதே வாசலில் கூட்டம். விடியும் முன்னேயே போய்விட்டார். அந்த வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்கள். நானும் ஆர்டரை எடுத்துக்கொண்டேன். தொழில் தொழில்தானே.

பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரி, வந்தது வந்தாச்சு. மேல போயி ஒரு டீ குடிப்போம்" என்றார். கல்லாறில் நல்ல டீக்கடை எது என்று அவருடைய டிரைவர் யாரையோ கேட்டு, இசக்கியம்மாளின் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். தங்கப்பன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். இசக்கியம்மாள் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள், தோளில் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன். பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். அவர் கேட்டதற்காக நான்தான் ஆள் வைத்து எழுதிக் கொடுத்த லிஸ்ட்.

"ஓய், இதுல கல்லாறுன்னு ஒண்ணு கெடக்கே. பொம்பள, மார்புல புற்றுன்னு. அவ வீடு எங்க இருக்கு?"

அவர் குரல் ஜவுளிக்கடைக் குரல். மாடியில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகியது. கடையில் பேச்சு நின்றது.

அந்த ஒரு நிமிஷத்தை உங்களுக்கு நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். நான் விரலை நீட்டினால் போதும், அன்றைக்கு மாலையே ஜீப் என் கடை வாசலில் நிற்கும். மேலே மூன்று வீடு. மழை வர ஒரு மாதம்கூட இல்லை. இந்தப் பக்கம் ஒரு வீடு, ஒரு கடை. மூன்று பெரிதா ஒன்று பெரிதா என்று பார்த்தால் நாலாம் கிளாஸ் படித்தவனுக்கும் விடை தெரியும். ஆனால் அந்த மூன்று பேரும் அங்கே இல்லை. இவள் என் முன்னால் நிற்கிறாள். டீ ஆற்றுகிற கை நிற்கவில்லை. ஆனால் ஆறிய டீயைத் திரும்பத் திரும்ப ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அது போயிட்டு" என்றேன். "போன வாரம்."

இசக்கியம்மாள் கிளாஸைக் கொண்டுவந்து பிள்ளை முன்னால் வைத்தாள். "ஐயோ பாவம். யாரு அண்ணாச்சி அது?"

"நீ அறியமாட்ட."

"வயசாளியோ?"

"ஒன் வயசுதான் இருக்கும்."

"சின்ன வயசுல்லா" என்று உச்சுக்கொட்டினாள். பிறகு பிள்ளையைப் பார்த்து, "சீனி போதுமா மொதலாளி?" என்று கேட்டாள்.

"டீ கொள்ளாம் கேட்டியா" என்றார் பிள்ளை. இன்னொரு கிளாஸும் வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது காரில் அவர் சொன்னது: "உம்ம ஆளுக எல்லாம் நான் வாரதுக்கு முன்னாலயே செத்துப் போவுதே, ஓய். ஆளே இல்லாத எடத்துக்கு ஜீப்பு எதுக்கு? சுடுகாட்டுக்கு ஓட்டவா?"

காரிலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் கையால் இரண்டு கிளாஸ் குடித்த மனுஷன் அவர். சொல்லியிருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைக் கழுவியிருப்பார். மறுநாள் கிழக்கேகோட்டை முழுக்கத் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் வேறு வீட்டைக் காட்டுகிறேன் என்றேன், அவர் பிடிகொடுக்கவில்லை. ஜீப் கிடைக்கவில்லை.

மழை வந்தது. குறுக்குப் பாதை வழுக்கிற்று. சிஸ்டர் இரண்டு முறை ஏறப் பார்த்து, இரண்டாம் முறை விழுந்து முழங்காலில் கட்டோடு திரும்பினார். மேல் வீடுகளுக்கு ஒன்றரை மாதம் யாரும் போகவில்லை. தங்கப்பனின் அப்பா அந்த மழையில் செத்தார். பந்தலுக்கு என் ஆட்கள்தான் போனார்கள். திரும்பி வந்து ஒருவன், "புண்ணுல புழு இருந்துச்சு மொதலாளி" என்றான்.

இசக்கியம்மாள் மழைக்குப் பிறகும் இருந்தாள். கடைசிப் பத்து நாள்தான் பாய்லருக்குப் பக்கத்தில் அவளால் நிற்க முடியவில்லை. அதுவரை கடை ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. போன அன்றைக்கு நானே ஆட்களோடு போய்ப் பந்தல் போட்டேன். காரியம் எல்லாம் முடிந்து, கோமு கடையைத் திரும்பத் திறந்த அன்று போய் உட்கார்ந்தேன். கூட்டம் இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பக்கத்தில் தங்கப்பன் இருந்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, கட்டிலைத் திருப்பி எடுத்தது, சிஸ்டரை சிநேகிதி ஆக்கியது, பிள்ளையிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். "நான் மட்டும் அன்னைக்கு வாயத் தெறந்திருந்தா இந்தக் கடை போயிருக்கும்டே" என்றேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "மொதலாளி, கட்டில் வந்ந அன்னைக்கே எங்களுக்கெல்லாம் மனசிலாச்சு."

"பின்ன எதுக்குடே திரும்பி வந்து டீ குடிச்சிய?"

"கொஞ்ச நாள் வரலியே. பயம். பின்னே நீங்க வந்து ஆள் மாறிப்போச்சுன்னு சத்தம் போட்டீங்க. அவ்வளவு பெரிய மனுஷன் அவ்வளவு பெரிய கள்ளம் சொல்றப்போ, நாங்களும் அதை நம்பின மாதிரி இருந்துக்கலாம்னு தோணிச்சு. கிளாஸை நல்ல சுடுவெள்ளத்துல கழுகணும் அக்கான்னு மாத்திரம் சொன்னோம். அவ கழுகினா. அவ்வளவுதான்."

"சிஸ்டர்?"

"என் அச்சனுக்குப் புண்ணு கழுகின ஆளை எனக்குத் தெரியாதோ? முதல் மாசமே ஒரு வியாழன் லீவு போட்டு மேலே போய்ப் பார்த்துட்டேன். இங்க பின்னாடி ரூமுக்கு அவங்க வரப்போ நான் தலையைத் திருப்பிக்குவேன்."

"அப்படின்னா பிள்ளைவாள் கேட்ட அன்னைக்கு நீ இங்கதான இருந்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்க அப்பாவுக்கு ஜீப்பு வந்திருக்குமே."

"அக்கா கையில சாயா கிளாஸ் இருந்நு" என்றான். பிறகு, "ஜீப்போ?" என்று கேட்டுவிட்டு ரோட்டைக் காட்டினான். மரத்தடி லாரி ஒன்று மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. "அது தினமும் காலையில வெறும் லாரியா மேலே போகுது. மழையிலயும் போகும். டிரைவர் பக்கத்துல ரெண்டு ஆள் இருக்கலாம். அச்சன் வீட்டுக்கு அங்கிருந்து நூறடி. நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே. சிஸ்டரை எனக்குத் தெரியாதுங்கறதல்லே ஏற்பாடு? நானா எப்படிச் சொல்றது? சொன்னா எல்லாம் பொளிஞ்சு போகும்."

"எம்மேல கோவம் உண்டா?"

"உண்டு" என்றான்.

நான் ஆயிரம் பேர் பந்திக்குச் சாமான் அனுப்பியவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது, இங்கே காய் வெட்ட ஆள் உண்டா, தண்ணீர் சுமக்க ஆள் உண்டா என்பதுதான். கல்லாறில் மட்டும் அதைக் கேட்கவில்லை. கொடுக்கிறவர்கள் கிழக்கேகோட்டையில் இருக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறவர்கள் மலையில் இருக்கிறார்கள் என்று தலைக்குள் பிரித்து வைத்திருந்தேன். நான் பொய் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அந்தப் பொய்யை என்னோடு சேர்ந்து சுமக்க அந்தக் கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவனிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேச எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஜீப்புக்கு மனு எழுதுங்கள், நல்லதுதான். எழுதுவதற்கு முன்னால் அந்த ரோட்டில் ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த வியாழக்கிழமை சிஸ்டர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கல்லாறிலேயே இறங்கினார். லாரியின் படி உயரம். முழங்கால் மடங்கவில்லை. கோமு கடைக்குள்ளிருந்து ஒரு பெஞ்சை இழுத்து வந்து போட்டாள். தங்கப்பன் சிஸ்டரின் பையை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் ஏறி உட்கார்ந்ததும் மடியில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான். மேலே அவனுக்கு இனிப் பார்க்க ஆள் இல்லை. எங்களுக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது.